ஆர்சி பக்கி, மழை, சேறு: எலக்ட்ரானிக்ஸ காப்பாத்துறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை புடிச்சதும் எனக்கு வர்ற கேள்வில பாதி ஒரே மாதிரி தான் இருக்கும். நேத்து வரைக்கும் நல்லா ஓடுன ஆர்சி பக்கி (ரிமோட்ல ஓடுற குட்டி கார்) இன்னைக்கு ஆன் ஆகல, ஸ்டியரிங் தானா ஆடுது, ஒரு பக்கம் மட்டும் திரும்புது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இது 1:10, 1:8 சைஸ் எலக்ட்ரிக் ஆர்சி பக்கிய மனசுல வச்சு எழுதுனது, ட்ரக், க்ராலர் வச்சிருக்கவங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பாக்ஸ்லயே வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு பயப்படணும்?

எது வாட்டர்ப்ரூஃப்னு முதல்ல பாருங்க. ஈஎஸ்சி மட்டுமா, ஸ்டியரிங்க திருப்புற சர்வோவும் சேத்தா, ரிமோட் சிக்னல வாங்குற ரிசீவரும் சேத்தா? ஈஎஸ்சிங்கறது பேட்டரி கரண்ட்ட அளந்து மோட்டாருக்கு குடுக்குற ஸ்பீட் கன்ட்ரோலர், நிறைய பக்கில அது மட்டும் தான் சீல் பண்ணி வரும், மத்ததுக்கு நாம தான் பொறுப்பு. ஒரே கம்பெனிலயே கூட மாறும், ஹாபிவிங்ல ஈசிரன் மேக்ஸ்8 தண்ணிக்கு தாங்கும், ரேஸுக்குன்னு வர்ற எக்ஸ்ஆர்10 ப்ரோ தாங்காது. விலை ஜாஸ்தின்னா தண்ணிக்கும் தாங்கும்னு நினைச்சுடாதீங்க.

ஐபி67னு போட்டிருந்தா 6ங்கற எண் தூசிக்கு, 7 தண்ணிக்கு. 1 மீட்டர் ஆழ தண்ணில 30 நிமிஷம் வச்சாலும் கெட்டுப்போகுற அளவுக்கு உள்ள தண்ணி போகாதுன்னு அர்த்தம். ஆனா அந்த டெஸ்ட் புது பீஸ வச்சு, சுத்தமான தண்ணில, அசையாம வச்சு பண்றது. நம்ம வண்டி அப்படியா ஓடுது? ரெண்டு வருஷம் வெயில்ல காஞ்ச ரப்பர், நாலு தடவ குட்டிக்கரணம் அடிச்சு லேசா விட்டுப்போன மூடி, அதோட சேத்து தண்ணி. இன்னொன்னு, ஈஎஸ்சி வாட்டர்ப்ரூஃபா இருந்தாலும் அது தலைமேல இருக்குற குட்டி ஃபேன் பெரும்பாலும் அப்படி இல்ல. தண்ணில இறக்குறதுக்கு முன்னாடி ஃபேன கழட்டிடுங்க, நாலு ஸ்க்ரூ தான்.

தண்ணி பட்டா உள்ள உண்மையில என்னதான் ஆகுது?

பட்டதும் டப்புன்னு ஷார்ட் ஆகி போயிடும்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, அது கம்மி. சுத்தமான தண்ணி கரண்ட்ட ரொம்ப கடத்தாது, குட்டையில இருக்குற தண்ணில மண்ணு, உப்பு எல்லாம் கரைஞ்சிருக்கறதால அது கடத்தும். போர்டுல பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு பின்ல ஒன்னுல 6 வோல்ட், ஒன்னுல பூஜ்யம்னு இருக்கும்போது நடுவுல ஈரம் இருந்தா செம்பு ஒரு பக்கம் கரைஞ்சு இன்னொரு பக்கம் படிய ஆரம்பிக்கும். இது மணிக்கணக்குல, நாள்கணக்குல நடக்குற வேலை. அதனால தான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நல்லா ஓடுன வண்டி அடுத்த வாரம் எடுத்தா செத்துக் கிடக்குது.

நான் ஒரு ரிசீவர திறந்து பாத்தேன், மழைல ஓட்டிட்டு அப்படியே பைல போட்டு எட்டு நாள் விட்டது. மேல மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தா நீர் நிக்குது. போர்டுல சர்வோ பின் மூணும் வரிசையா நிக்குமே, அதுல நடு பின்னோட அடில வெள்ளையும் பச்சையுமா பொடி மாதிரி ஒரு மேடு, நகத்தால தொட்டதும் பின்னே கையோட வந்துடுச்சு. வண்டி தண்ணில இருந்தது இருபது நிமிஷம். மிச்சம் எட்டு நாளும் அந்த ஈரம் உள்ளயே உக்காந்து வேலை பாத்திருக்கு. இந்தப் பக்கத்துல நான் சொல்ற எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான், தண்ணி உள்ள போறத முழுசா நிறுத்த முடியாது, ஆனா உள்ளயே தங்க விடாம பண்ண முடியும்.

தண்ணி மோசமா, சேறு மோசமா?

சேறு தான், சந்தேகமே இல்ல. தண்ணி வடியும், காயும். சேறு ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்த புடிச்சு வச்சுக்கும், மோட்டார் ஃபின்னு மேலயும் ஹீட் சிங்க் மேலயும் அப்பி போர்வை போத்துன மாதிரி சூட்ட வெளிய விடாது. நம்ம ஊர்ல கரிசல் மண்ணுல ஓட்டுனவங்களுக்கு தெரியும், ரெண்டு ரவுண்டுல டயர் டபுள் சைஸ் ஆயிடும், வண்டி எடை ஏறிடும், மோட்டார் இழுக்குற கரண்ட்டும் ஏறும். செம்மண் அந்த அளவுக்கு ஒட்டாது, ஆனா அது காஞ்சா பவுடரா எல்லா சந்துலயும் நுழையும்.

சேத்துல ஓட்டுறதா முடிவு பண்ணா பின்னியன்ல, அதாவது மோட்டார் ஷாஃப்ட்ல இருக்குற சின்ன கியர்ல, ஒன்னு ரெண்டு பல் கம்மி பண்ணுங்க, டாப் ஸ்பீட் குறையும் ஆனா மோட்டாரும் ஈஎஸ்சியும் சூடு தாங்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தி மோட்டார் சூட்ட பாருங்க, சாதாரண நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரி செல்சியஸ் தான் எல்லை, அதுக்கு மேல போனா காந்தத்தோட பலம் குறையும், குறைஞ்சது திரும்ப வராது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கி வச்சுக்கறது நல்லது. அப்புறம் கிளம்புறதுக்கு முன்னாடி சேஸிக்கும் பாடிக்கு உள்பக்கமும் லேசா சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சா சேறு ஒட்டாம கழண்டு விழும். டயர்ல படாம அடிங்க.

ரிசீவர எப்படி பாதுகாக்குறது? பலூன்ல போட்டு கட்டுனா போதும்னு சொல்றாங்களே?

பலூன் ஒரு அவசரத்துக்கு ஓகே. ரிசீவர பலூனுக்குள்ள விட்டு, ஒயரெல்லாம் சேத்து வாய்ல ஒரு ஜிப் டை போட்டா தெறிக்கிற தண்ணிக்கு தாங்கும். பிரச்சனை என்னன்னா ஒயர் நாலு சேந்து இருக்குற இடத்துல நடுவுல ஒரு ஓட்டை எப்பவும் இருக்கும், அது வழியா தண்ணி உள்ள போகும், ஆனா வெளிய வராது. அதோட வெயில்ல இருந்து குளிர்ந்த தண்ணிக்கு போகும்போது உள்ள இருக்குற காத்துல இருந்தே வேர்த்துடும். பலூன் போட்டீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே அவுத்துடுங்க.

நல்ல வழி மூடி போட்ட ரிசீவர் பாக்ஸ். இது புதுசு இல்ல, தமியா 1979ல விட்ட ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் ரெண்டு பக்கிலயும் ரேடியோ சாமான் எல்லாத்துக்கும் சேத்து ஒரு கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் பெட்டி, கம்பி வெளிய வர்ற இடத்துல ரப்பர் பூட் எல்லாம் குடுத்திருந்தாங்க. இன்னைக்கு ட்ராக்ஸாஸ் வண்டிங்கள்ல வர்ற பாக்ஸ்ல ஒயர் வெளிய வர்ற இடத்துல ஃபோம் வச்சு, சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒரு க்ளாம்ப் போட்டு அமுக்குவாங்க. இதுல முக்கியமான வேலையே ஒயர்கள ஒன்னு மேல ஒன்னு போடாம பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சு, ஒவ்வொன்ன சுத்தியும் கிரீஸ் இருக்குற மாதிரி பண்றது தான். குறுக்க மறுக்க போச்சுன்னா அங்க தான் ஓட்டை.

பாக்ஸ நம்பலாமான்னு தெரிஞ்சுக்க நான் பண்றது இது. ரிசீவர எடுத்துட்டு, பழைய சர்வோல இருந்து வெட்டுன அதே மாதிரி ஒயர் துண்டுகள, உள்ள இருக்குற முனைய டேப் போட்டு மூடிட்டு, க்ளாம்ப்ல வைக்கிறேன். உள்ள ஒரு காஞ்ச டிஷ்யூ பேப்பர். மூடிட்டு, நீல மை கலந்த வாளி தண்ணில அஞ்சு நிமிஷம் அமுக்கி பிடிக்கிறேன். வெளிய எடுத்து தொடைச்சுட்டு திறந்தா பேப்பர்ல எந்த மூலைல நீலம் இருக்கோ அந்தப் பக்கம் தான் கசியுது. முதல் தடவ எனக்கு மூடியோட ஸ்க்ரூ பக்கத்துலயே நீலமா இருந்துச்சு, ஒயர் பக்கம் சுத்தமா இருந்துச்சு, நான் ஆறு மாசமா தப்பான இடத்துல கிரீஸ் அப்பிக்கிட்டு இருந்தேன்.

ஆன்டெனாவ வெட்டிடாதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்ல நுனில இருக்குற சுமார் 31 மில்லிமீட்டர் தான் சிக்னல் புடிக்கிற பகுதி, அத ட்யூப்ல நேரா மேல நிக்க வைங்க. தண்ணி இந்த அலைவரிசைய நல்லா உறிஞ்சும், ஆன்டெனா தண்ணிக்குள்ள போச்சுன்னா சிக்னல் போச்சு.

அப்ப ஈஎஸ்சியயும் அதே பாக்ஸ்ல போட்டு மூடிடலாமா?

கூடாது. ரிசீவர் சூடாகாது, ஈஎஸ்சி சூடாகும். காத்து போகாத பெட்டில போட்டா தண்ணிக்கு பதிலா சூட்டுல போயிடும். ஈஎஸ்சிக்கு போர்டு மேலயே கோட்டிங் தான் வழி, இல்லன்னா சீல் பண்ணி வர்றத வாங்குங்க.

கன்ஃபார்மல் கோட்டிங் வீட்ல போட முடியுமா? நெயில் பாலிஷ் போதுமா?

முடியும், ஆனா பொறுமையா பண்ணணும். இது போர்டு மேல தடவுற ஒரு மெல்லிய படலம், அக்ரிலிக், சிலிக்கான்னு ரெண்டு வகை சுலபமா கிடைக்கும். அக்ரிலிக் மேலயே சால்டர் வைக்கலாம், கரைப்பான் போட்டா போயிடும், அதனால பின்னாடி ரிப்பேர் சுலபம். சிலிக்கான் வளையும், அதிர்வுக்கும் சூட்டுக்கும் நல்லா தாங்கும், ஆனா எடுக்கணும்னா உரிச்சு தான் எடுக்கணும். பக்கிக்கு நான் சிலிக்கான் தான் போடுறேன்.

முதல்ல சுத்தம் பண்ணணும், இத விட்டா மிச்சம் எல்லாம் வேஸ்ட். ஃப்ளக்ஸ் கறை, விரல் எண்ணெய், பழைய சேறு எல்லாத்தையும் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு டூத் பிரஷ்ல தேய்ச்சு, நல்லா காய விடுங்க. ஈரத்த உள்ள வச்சு மேல பூசுனா நீங்களே அத சிறை வச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் சின்ன பிரஷ்ல மெல்லிசா ஒரு கோட், காய விட்டு குறுக்கால ஒரு கோட், அப்புறம் மூணாவது. கனமா ஒரே கோட் போட்டா சிப்போட கால்களுக்கு அடில காத்து குமிழி நின்னுடும். நிறைய கோட்டிங்ல அல்ட்ராவயலட் லைட் அடிச்சா நீலமா மின்னுற சாயம் கலந்திருப்பாங்க, நோட்டு செக் பண்ற லைட் ஒன்னு இருந்தா இருட்டுல காட்டி பாருங்க, எங்க விட்டுப்போச்சுன்னு கறுப்பா தெரியும். ஐசி காலோட பின்பக்கமும் போர்டு ஓரமும் தான் எப்பவும் விட்டுப்போற இடம்.

கனெக்டர் பின்னுக்குள்ள, பட்டன்ல, ஹீட் சிங்க் உக்கார்ற இடத்துல படக்கூடாது, அங்கெல்லாம் முன்னாடியே டேப் ஒட்டிடுங்க. திறந்தா வாரண்டி போயிடும், அதையும் யோசிச்சுக்கோங்க.

நெயில் பாலிஷ் ஒரு மாசம் தாங்கும். அது காஞ்சா மொறுமொறுன்னு ஆயிடும், போர்டு சூடாகி விரியும்போதும் வண்டி குதிக்கும்போதும் முடி மாதிரி விரிசல் விடும், அந்த விரிசல்ல போற தண்ணி காயவே காயாது. கோட்டிங் வாங்க முடியலன்னா ரிசீவருக்கு மட்டும் தற்காலிகமா போடுங்க, ஈஎஸ்சிக்கு வேண்டாம்.

வீட்ல பாத்ரூமுக்கு அடிச்ச சிலிக்கான் சீலன்ட் மிச்சம் இருக்கு, அத போடலாமா?

மோந்து பாருங்க. வினிகர் வாசனை வந்துச்சுன்னா போடாதீங்க, அது காயும்போது அசிட்டிக் அமிலத்த விடும், செம்ப அரிக்கும். தண்ணில இருந்து காப்பாத்துறோம்னு நாமளே அமிலம் ஊத்துற கதை. ந்யூட்ரல் க்யூர்னு போட்டிருக்குறத வாங்குங்க. ஹாட் க்ளூ ஒயர் ஆடாம பிடிக்க நல்லது, ஆனா ஈஎஸ்சி சூட்டுல இளகிடும்.

சர்வோ ஏன் எனக்கு அடிக்கடி போகுது?

முன் டயர் வாரி அடிக்கிற சேறு நேரா அது மேல தான் விழுது, அதான். சர்வோல தண்ணி மூணு இடத்துல போகும், ஹார்ன்ங்கற கை மாட்டுற ஷாஃப்ட சுத்தி, மேல கீழ மூடி சேர்ற கோடு, ஒயர் நுழையுற இடம். ஹார்ன கழட்டி ஷாஃப்ட சுத்தி கனமா மரைன் கிரீஸ் வச்சு மாட்டுங்க, முடிஞ்சா சைஸுக்கு ஒரு சின்ன ஓ-ரிங்கும் போடுங்க. நாலு ஸ்க்ரூவ கழட்டி மூடி சேர்ற கோட்டுல மெல்லிசா ந்யூட்ரல் சிலிக்கான் தடவி திரும்ப மூடுங்க. கியர் பக்கத்துல படாம பாத்துக்கோங்க. ஸ்டியரிங் நடுவுல நிக்காம துடிச்சுக்கிட்டே இருந்தா எவ்வளவு திரும்பியிருக்குன்னு அளக்குற, உள்ள இருக்குற பொட்டென்ஷியோமீட்டர் நனைஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்பவே நிறுத்தி காய வச்சா நிறைய நேரம் பிழைச்சுக்கும்.

மோட்டார் தண்ணில மூழ்குனா?

சென்சார் இல்லாத பிரஷ்லெஸ்னா கவலை கம்மி, உள்ள வார்னிஷ் பூசுன சுருளும் காந்தமும் தான், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்ல. பேரிங் தான் துரு பிடிக்கும், ஓட்டி முடிச்சதும் ரெண்டு பக்கமும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. சென்சார் உள்ளதுல காந்தம் எந்த இடத்துல இருக்குன்னு பாக்குற ஹால் சென்சார் போர்டு பின்பக்கம் இருக்கும், அது நனைஞ்சா கிளம்பும்போது திக்கும், அந்த சாக்கெட்ட சிலிக்கான் கிரீஸ் வச்சு மூடுங்க. பிரஷ் மோட்டார் தண்ணில ஓடும், ஆனா கார்பன் பிரஷ் வேகமா தேயும். சேறு உள்ள போனா கம்யூட்டேட்டர்ல உப்புத்தாள் வச்சு தேச்ச மாதிரி தான்.

பேட்டரி, கனெக்டர்?

லைப்போல (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஹார்ட் கேஸ் உள்ளதுல ஒரு பிரச்சனை, தண்ணி கேஸுக்கும் செல்லுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும், வெளிய தொடைச்சா காஞ்ச மாதிரி தெரியும். காதுகிட்ட வச்சு ஆட்டி பாருங்க, கனெக்டர் பக்கம் கீழ இருக்குற மாதிரி சாச்சு வடிய விடுங்க. பேலன்ஸ் கனெக்டர (செல்லெல்லாம் சமமா சார்ஜ் ஆக மாட்டுற சின்ன கனெக்டர்) ஓட்டும்போது சிலிக்கான் கிரீஸ் வச்சு சின்ன மூடியோ டேப்போ போட்டு மூடுங்க, நிறைய பேர் இத மறந்துடுறாங்க. ஈரமான பேட்டரிய சார்ஜ் போடாதீங்க. உப்பியோ, கிழிஞ்சோ, உள்ள தண்ணி போன மாதிரியோ தெரிஞ்சா வீட்டுக்குள்ள கொண்டு வரவே வேண்டாம், வெட்ட வெளில, எரியற பொருள் இல்லாத இடத்துல வைங்க.

சால்டர் பண்ண இடத்துக்கெல்லாம் உள்ள பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, சாதாரணது பத்தாது. ஒயருக்குள்ள நூல் நூலா இருக்குற செம்பு விளக்குத் திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி தண்ணிய உறிஞ்சி உள்ள இழுக்கும். ஒரு தடவ ஒயர வெட்டுனா நாலு இன்ச் உள்ள வரைக்கும் செம்பு கரி மாதிரி கறுத்திருந்துச்சு, சால்டரே ஒட்டல.

அப்புறம் அந்த ஆன் ஆஃப் ஸ்விட்ச், வண்டிலயே பலவீனமான இடம் அது தான். மேனுவல பாத்துட்டு, முடிஞ்சா ஸ்விட்ச்ச எடுத்துட்டு பேட்டரி மாட்டுனா ஆன்னு இருக்குற மாதிரி மாத்திடுங்க.

கடற்கரைல ஓட்டலாமா?

மணல்ல ஓட்டலாம், அலைல வேண்டாம். கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு, காஞ்சாலும் அந்த உப்பு போகாது, காத்துல இருக்குற ஈரத்த இழுத்து திரும்ப திரும்ப நனைச்சுக்கிட்டே இருக்கும். பட்டுடுச்சுன்னா நல்ல தண்ணில கழுவியே ஆகணும், காய விடுறதால பிரயோஜனம் இல்ல.

ஓட்டும்போதே தண்ணி போய் கன்ட்ரோல் போச்சுன்னா?

அதுக்கு தான் ஃபெயில்சேஃப். சிக்னல் விட்டுப்போனா த்ராட்டில் நியூட்ரலுக்கு வர்ற மாதிரி வீட்லயே செட் பண்ணுங்க, வண்டிய ஒரு டப்பா மேல தூக்கி வச்சு, சக்கரம் சுத்தும்போது ட்ரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணி பாருங்க. சக்கரம் நிக்கலன்னா அன்னைக்கு வெளிய எடுக்காதீங்க. நாலு கிலோ 1:8 பக்கி ஃபுல் த்ராட்டில்ல ஒரு குழந்தை மேல போனா என்ன ஆகும்னு யோசிங்க.

ஓட்டி முடிச்சதும் என்ன பண்ணணும்?

மேல எழுதுனதுல பாதி செய்யாம விட்டாலும் இத விடாதீங்க. நிறுத்துன உடனே, அங்கயே, பேட்டரிய கழட்டுங்க. கரண்ட் இல்லன்னா அந்த அரிப்பு வேலை ரொம்ப மெதுவாயிடும். வண்டிய தலைகீழா பிடிச்சு உதறுங்க. சேறு ஈரமா இருக்கும்போதே கழுவுறது சுலபம், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் சீல் பண்ணி இருந்தா மட்டும் பூவாளி மாதிரி மெதுவா தண்ணி ஊத்தி கழுவுங்க. இல்லன்னா காய விட்டு பிரஷ்ல தட்டி எடுங்க, அது நேரம் புடிக்கும் ஆனா பாதுகாப்பு. பைக் வாஷ் பண்ற ப்ரெஷர் கன் மட்டும் வேண்டவே வேண்டாம், வெளிய இருக்குற சேத்த பேரிங்குக்குள்ளயும் சீலுக்குள்ளயும் அதுவே தள்ளி விட்டுடும்.

வீட்டுக்கு வந்ததும் ப்ளோயர்ல சந்து சந்தா ஊதுங்க, ஹேர் ட்ரையர்னா சூடு இல்லாத காத்துல. ரிசீவர் பாக்ஸ் மூடிய திறந்து, ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன் முன்னாடி விடுங்க, உள்ள நனையலன்னு தெரிஞ்சாலும் திறந்து விடுங்க. கனெக்டர் எல்லாம் கழட்டி, ஐசோப்ரொபைல்ல ஒரு தடவ தொடைச்சு, புது சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம். பேரிங்குக்கு டபிள்யூடி-40 அடிக்கலாம், அந்த பேர்லயே இருக்குற டபிள்யூடி தண்ணிய விரட்டுறதுன்னு தான் அர்த்தம், ஆனா அது கிரீஸையும் சேத்து விரட்டிடும், அதனால அடிச்சு தொடைச்சதுக்கப்புறம் எண்ணெய் விடணும்.

நனைஞ்ச ரிசீவர அரிசில போட்டு வைக்கலாமா?

அரிசி பெருசா ஒன்னும் இழுக்காது, மாவு தான் உள்ள போகும். கேஸ கழட்டி, ஐசோப்ரொபைல்ல போர்ட கழுவி, ஃபேன் காத்துல வைங்க, அப்புறம் வேணும்னா சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட ஒரு டப்பால. வேலை செய்யுதான்னு நடுவுல ஆன் பண்ணி பாக்காதீங்க.

பட்ஜெட் கம்மி, எதை முதல்ல பண்றது?

ஒரு ட்யூப் சிலிக்கான் கிரீஸ், பசை ஹீட் ஷ்ரிங்க் ஒரு மீட்டர், ஒரு பாட்டில் ஐசோப்ரொபைல். இது மூணும் சேத்து ஒரு சர்வோ விலைய விட கம்மி தான். அடுத்து ரிசீவர் பாக்ஸ், அதுக்கடுத்து சர்வோவுக்கு கிரீஸும் ஓ-ரிங்கும். கோட்டிங் கடைசியா, கையில காசு வரும்போது. அது வரைக்கும் ஈஎஸ்சி சீல் இல்லாத வண்டிய மழை நாள்ல வெளிய எடுக்காதீங்க, மண்ணு காஞ்சதும் எடுத்துக்கலாம்.